சுரங்க மண்மேட்டுக்கு ரசல்-2: எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்

திறந்தவெளிச் சுரங்கத்தை மூடி, மண்மேட்டைச் சரிவாக்கிப் புல் விதைத்தாயிற்று. ஆண்டுக்கு ஹெக்டேருக்கு எத்தனை டன் மண் கரையும்? இதற்காக, மண்ணரிப்பைக் கணக்கிடும் ரசல்-2 (RUSLE2) மென்பொருளை நாடுவோருக்கு முதலிலேயே சொல்லிவிடலாம்: இரண்டு சரிவுத் திட்டங்களில் எது தேவலை என்று பார்க்க அருமையான கருவி இது. ஆனால் அரித்து வரும் மண்ணைத் தேக்கும் வண்டல் குட்டையை எவ்வளவு பெரிதாக வெட்டுவது என்று இதனிடம் கேட்கக் கூடாது.

அமெரிக்க வேளாண் துறையும் டென்னசி பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கியது. இலவசம், விண்டோஸில் ஓடும். 22.1 மீட்டர் நீளமும் 9% சரிவும் கொண்ட சோதனைப் பாத்திகளிலிருந்து பிறந்த பழைய மண்ணிழப்புச் சமன்பாடுதான் அடிப்படை. இந்தப் பதிப்பு அதை நாள்வாரியாகக் கணக்கிடுகிறது. சுரங்க நிலத்துக்கு இந்தக் குடும்பம் புதிதல்ல. முந்தைய 1.06 பதிப்பைச் சுரங்கங்களில் பயன்படுத்த 1998-லேயே தனிக் கையேடு வந்தது. அமெரிக்காவின் வறண்ட மேற்குப் பகுதி நிலக்கரிச் சுரங்கங்களுக்கான 2002 விதி, ஆண்டுச் சராசரி வண்டல் வரத்து சுரங்கம் தோண்டுவதற்கு முன்பிருந்த அளவைத் தாண்டாது என்று மாதிரிக் கணக்கால் காட்டச் சொல்கிறது.

பெரும்பாலானோர் கோட்டைவிடுவது மண் பகுதியில். அரிபடும் தன்மையைக் குறிக்கும் கே மதிப்பை மாவட்ட மண் வரைபடத்திலிருந்து எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்த மண் இப்போது அங்கே இல்லை. பல மீட்டர் ஆழத்திலிருந்து வந்த அடிமண்ணும் நொறுங்கிய பாறையும் கலந்து கிடக்கிறது. கொட்டிய மண்ணில் மாதிரி எடுத்து, 2 மி.மீ.க்குக் குறைவான பகுதியில் மணல், நுண்மணல், வண்டல், களி, அங்ககப் பொருள் ஐந்தையும் பரிசோதிக்க வேண்டும். பிறகு மென்பொருளில் வேளாண் நிலத்துக்கான வழக்கமான நோமோகிராமை (மண் பரிசோதனை எண்களிலிருந்து கே மதிப்பைத் தரும் வரைபடம்) விட்டுவிட்டு, மிகவும் கலைக்கப்பட்ட நிலத்துக்கான திருத்திய நோமோகிராமைத் தேர்ந்தெடுங்கள்.

கற்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மேற்பரப்பில் கிடக்கும் கல் மழைத்துளியின் அடியைத் தாங்கி மண்ணைக் காக்கிறது. உள்ளே புதைந்த கல் நீர் இறங்கும் வழியைக் குறைத்து ஓட்டத்தைக் கூட்டுகிறது. இரண்டும் எதிரெதிர் விளைவுகள், தனித்தனியே உள்ளிட வேண்டியவை. மேற்பரப்பு மூட்டத்தை, அதாவது கல்லும் சருகும் மூடியிருக்கும் பங்கை, கண்ணளவில் சொல்லாதீர்கள். 30 மீட்டர் நாடாவைக் குறுக்காக விரித்து, 30 செ.மீ.க்கு ஒரு புள்ளியாக, நேர்கீழே கல்லா, சருகா, வெறும் மண்ணா என்று குறித்தால் 100 புள்ளிகள் கிடைக்கும். இவ்வளவு மெனக்கெடக் காரணம் உண்டு: மூட்டம் 50% என்றால் அரிப்பு பாதியாவதில்லை, வழக்கமான கெழுவில் வெறும் மண்ணில் இருப்பதில் ஏறத்தாழ 17% ஆகிவிடுகிறது. மூட்டத்தில் 10 புள்ளி தவறினாலும் விடை வெகுவாக மாறும்.

சரிவின் நீளம் கிடைமட்ட நீளம். 40% சரிவில் தரையோடு நாடா பிடித்து 60 மீட்டர் அளந்தால், உள்ளிட வேண்டியது சுமார் 56. 25% சரிவில் 60 மீட்டரை நடுவில் ஒரு படித்தட்டு வெட்டி இரண்டு 30 மீட்டராக்கினால், நீளம்-சரிவுக் காரணி (இது குறைந்தால் அரிப்பும் அதே விகிதத்தில் குறையும்) சுமார் 6.8-லிருந்து 4.3-க்கு இறங்கும். ஆனால் தட்டில் சேரும் நீரைப் பத்திரமாகக் கொண்டுபோக வடிகால் வேண்டும். தட்டு ஓரிடத்தில் உடைந்து வழிந்தால் கீழே பள்ளம் விழும்; மென்பொருள் அதைக் காட்டவே காட்டாது.

இதன் தனிச்சிறப்பு, சரிவைத் துண்டு துண்டாக உள்ளிட முடிவதுதான். அடிவாரத்தை மட்டப்படுத்திக் குழிவாக அமைத்தால் எவ்வளவு மண் அங்கேயே படியும் என்று ஐந்து துகள் வகைகளாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. மணலும் பெரிய மண்கட்டியும் நின்றுவிடும், களி போய்விடும். முடிவுத் திரையில் பிரிந்த மண் வேறு, சரிவின் அடியை விட்டு வெளியேறும் வண்டல் வேறு. அறிக்கையில் முதல் எண்ணை வண்டல் வரத்து என்று எழுதிவிடும் தவறு அடிக்கடி நடக்கிறது.

காலத்தையும் கவனியுங்கள். கலைத்த மண் தானாக இறுகி, அரிபடுவது 45% அளவுக்குக் குறைய 7 ஆண்டுகள் என்பது மென்பொருளின் இயல்பிருப்பு. வறண்ட இடங்களில் இதை நீட்ட வேண்டும். முதல் ஆண்டை விட்டுவிட்டு, புல் நன்றாகப் பிடித்த ஆண்டின் எண்ணை மட்டும் காட்டுவது நேர்மையல்ல.

நீர் மெல்லிய படலமாக ஓடி அரிக்கும் படல அரிப்பும், சிறு கீறல்களாக அரிக்கும் சிற்றோடை அரிப்பும் மட்டுமே கணக்கில் வரும். நீர்ப்பள்ளம், மேடு உள்வாங்குவது, வாய்க்கால் கரை சரிவது எதுவும் வராது. அமெரிக்காவில் குட்டை வடிவமைப்புக்குப் பொதுவாக எடுக்கப்படும் 10 ஆண்டுக்கு ஒருமுறை வரும் 24 மணி நேர மழை ஒற்றை நிகழ்வு. அதற்கு நீரோட்ட அளவையும் உச்ச ஓட்டத்தையும் கேட்கும் மஸ்ல் (MUSLE) சமன்பாடோ செட்கேட் (SEDCAD) மென்பொருளோ வேண்டும்.

நெய்வேலி போன்ற இடத்துக்கு இதைப் பயன்படுத்த நினைத்தால், கூடவரும் வானிலைத் தரவு அமெரிக்காவுக்கானது. மாத மழை, மாத வெப்பநிலை, மாதவாரி அரிப்புத்திறன் அடர்த்தி (ஓர் அலகு மழைக்கு மண்ணை அரிக்கும் வலு) மூன்றையும் நீங்களே உள்ளிட வேண்டும். கடைசியானதுக்கு 30 நிமிட உச்சத் தீவிரம் தெரிய வேண்டும். தினசரி மழைமானியின் ஒற்றை எண் போதாது. தானியங்கி மழைமானிப் பதிவு பல ஆண்டுகளுக்கு இருந்தால் இறங்குங்கள். இல்லையென்றால் வடகிழக்குப் பருவமழையின் ஒரு புயல் நாளுக்கும் சாதாரணத் தூறல் நாளுக்கும் வித்தியாசம் தெரியாத எண்தான் வெளியே வரும்.