கைக்குச் செலவழித்ததைக் காலுக்குச் செலவழித்திருக்கலாம்

பொய்ப்பூச்சி கட்டி டிரவுட் மீன் பிடிக்கத் தொடங்கிய இரண்டாவது வருடம், மே மாதம். இமாசலத்தில் குஷைனிக்குச் சற்று மேலே, தீர்த்தன் ஆற்றில் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். இடது பூட்ஸின் அடிப்பாகம் அப்படியே கழன்று ஆற்றோடு போய்விட்டது. கையில் இருந்த தூண்டில் ராடுக்கு ஒரு கீறல் இல்லை. நான்தான் பாறை மேல் பொத்தென்று உட்கார்ந்தேன். முதுகெலும்பின் நுனி மூன்று வாரம் வலித்தது. அலுவலகத்தில் என்ன காரணம் சொல்வது என்று தெரியாமல் படியில் வழுக்கிவிட்டேன் என்று சொல்லிவைத்தேன்.

2017-இல் இந்தப் பைத்தியம் பிடித்தது. எனக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். தாமிரபரணியில் மூங்கில் கழி, தங்கூஸ், தக்கை, மண்புழு என்று கெண்டையும் கெளுத்தியும் பிடித்து வளர்ந்தவன். வேலைக்குத் தில்லி வந்து ஆர்.கே.புரத்தில் குடியேறிய பிறகு தூண்டிலைத் தொட்டு வருடக்கணக்காகிவிட்டிருந்தது. உடன் வேலை பார்த்த ஒருவர் தீர்த்தன் போய் வந்த படங்களைக் காட்டினார். ஒரே மாதத்தில் ஒன்பது அடி, ஐந்தாம் எண் ஃபிளை ராட், அதாவது பொய்ப்பூச்சி வீசும் தூண்டில்கோல், ஒன்று வாங்கிவிட்டேன். நான்கு துண்டாகக் கழற்றிக் குழாய்க்குள் போட்டுக்கொள்ளலாம். ராடுக்கும் ரீலுக்கும் லைனுக்கும் 24,000 ரூபாய். பூட்ஸுக்கு 3,500. இந்தக் கணக்கில்தான் தப்பு செய்தேன்.

ஊரில் நாம் பிடிக்கிற முறையில் ஈயக்குண்டின் கனம் தங்கூஸை இழுத்துக்கொண்டு போகும். இதில் தலைகீழ். முள்ளில் கட்டிய பொய்ப்பூச்சிக்குக் கனமே கிடையாது. லைன் என்கிற நூலுக்குத்தான் கனம். ஐந்தாம் எண் என்றால் லைனின் முதல் 30 அடி ஏறக்குறைய 9 கிராம் இருக்கும். அந்தக் கனத்தைச் சாட்டை போலப் பின்னால் விரித்து, ஒரு கணம் பொறுத்து, முன்னால் விட வேண்டும். அந்த ஒரு கணப் பொறுமை எனக்கு வர ஆறு மாதம் ஆயிற்று. மலை மந்திர் பக்கத்துப் பூங்காவில், முள்ளுக்குப் பதில் சிவப்புக் கம்பளித் துண்டு கட்டிக்கொண்டு தினமும் காலையில் வீசுவேன். நடைப்பயிற்சிக்கு வரும் ஒரு மாமி, "என்னடாப்பா, நூல் மட்டும் விடறே, பட்டம் எங்கே?" என்று கேட்டதிலிருந்து அங்கே எனக்குப் பட்டக்காரன் என்று பெயர்.

அறுபது அடி வரை வீசப் பழகினேன். நியாயமாகப் பார்த்தால் பெருமைப்படக்கூடிய தூரம். ஆனால் தீர்த்தனில் அறுபது அடி வீசுவதற்கு இடமே கிடையாது. பாறைக்குப் பாறை தாவி விழுகிற ஆறு அது. ஒவ்வொரு பாறைக்குப் பின்னாலும் வேகம் குறைந்த ஒரு சின்ன மடு, வாளி அளவு, சில இடங்களில் தொட்டி அளவு. மீன் அங்கேதான் நிற்கும். இருபது அடியில் பூச்சியை அதற்குள் போட்டு, லைனைத் தண்ணீரில் படவிடாமல் ராடைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். லைன் நடு ஓட்டத்தில் பட்டால் பூச்சியை இழுத்துப் போய்விடும், மீன் திரும்பிக்கூடப் பார்க்காது. பூங்காவில் கற்றதில் பாதி வீண். கூட வந்த உள்ளூர் வழிகாட்டிப் பையன் நான் விழுந்து எழுந்ததைப் பார்த்துவிட்டு, "பாய்சாப், பஹலே பைர், ஃபிர் ஹாத்" என்றான். முதலில் கால், அப்புறம் கை. அவன் கால்களில் இருந்தது சாதாரண ரப்பர் செருப்பு. அதில் ஆடு மாதிரி ஓடினான். நான் அப்படி ஓட முடியாது, அதனால் செலவழிக்க வேண்டியிருந்தது.

பூட்ஸ் கதைக்கு வருகிறேன். அடியில் கம்பளம் மாதிரியான ஃபெல்ட் ஒட்டிய வகை அது. பாசி படிந்த வழவழப் பாறையில் ஃபெல்ட் பிடிக்கிற பிடியே தனி. ஒட்டியிருக்கும் வரைதான் அந்தப் பிடி. நான் அதைப் பால்கனி அலமாரியில் வைத்திருந்தேன். தில்லி மே மாதத்தில் அந்த அலமாரி ஒரு அடுப்பு. பசை காய்ந்து பொரிந்துபோனதில் ஆச்சரியம் இல்லை. விற்ற கடைக்காரர் கையை விரித்துவிட்டார், நானும் சண்டை போடவில்லை. செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் கொடுத்து ஒட்டித் தைத்து வாங்கியதில் இன்னும் இரண்டு பயணம் ஓடியது.

அடுத்து ரப்பர் அடியும் அதில் திருகிய உலோக ஆணிகளும் உள்ள ஒன்றை வாங்கினேன், 11,000 ரூபாய். ஐந்து வருடமாக அதுதான். பாசிப் பாறையில் ஃபெல்டுக்கு ஒரு மாற்றுக் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மார்ச்சில் பனி கிடக்கிற பாதையில் ஃபெல்ட் அடியில் பனி உருண்டையாக ஒட்டிக்கொண்டு மரக்கால் கட்டியது போல் ஆகிவிடும். ஆணி பூட்ஸில் அந்தத் தொல்லை இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. ஃபெல்ட் சீக்கிரம் காயாது, ஓர் ஆற்றின் பாசியையும் கிருமியையும் அடுத்த ஆற்றுக்குச் சுமந்து போகும். டிடிமோ என்ற பாசி பரவியதால் நியூசிலாந்தில் 2008-லேயே ஃபெல்டுக்குத் தடை போட்டுவிட்டார்கள். நான் தீர்த்தனில் நின்ற காலோடு பரோட்டுக்குப் போய் ஊஹல் நதியில் இறங்குகிறவன், யோசிக்கத்தான் வேண்டும்.

வேடர் எனப்படும் நீர்புகாக் கால்சட்டையைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல எதுவும் இல்லை. இரண்டு வாங்கினேன், இரண்டும் ஒழுகின. ஆற்றோரம் முழுக்கக் கஷ்மல் முட்புதர், ஊசி ஊசியாக. முழங்காலில் எத்தனை ஒட்டுப் போட்டாலும் அடுத்த புதர் காத்திருக்கும். இப்போது ஏப்ரல் கடைசிக்கு மேல் என்றால் வேடரே எடுப்பதில்லை. சீக்கிரம் காயும் பேன்ட்டும் கம்பளிக் காலுறையும் போதும். முதல் பத்து நிமிடம் உயிர் போகும், அப்புறம் மரத்துவிடும்.

ஆணி பூட்ஸுக்கு அடுத்து நான் வாங்கியதிலேயே உருப்படியான பொருள் 300 ரூபாய்த் தெர்மாமீட்டர். மார்ச்சில் காலை ஏழு மணிக்குத் தண்ணீர் 6 டிகிரி காட்டும், மீன் அசையாது. பதினொரு மணிக்கு 9, 10 என்று ஏறியதும்தான் வாயைத் திறக்கும். முன்பெல்லாம் ஐந்தரைக்கு எழுந்து நடுங்கிக்கொண்டே நிற்பேன். இப்போது பராத்தா சாப்பிட்டுவிட்டு நிதானமாக இறங்குகிறேன். மே, ஜூனில் இது மாறிவிடும். பகல் வெயிலில் மேலே பனி உருகி, பிற்பகலில் ஆறு பெருகிப் பால் மாதிரி கலங்கிவிடும், அதனால் காலையிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். நவம்பர் முதல் தேதியிலிருந்து பிப்ரவரி கடைசி வரை டிரவுட் பிடிக்கவே கூடாது, இனப்பெருக்கக் காலம். டிசம்பர் விடுமுறைக்குத் திட்டம் போடுகிறவர்கள் ராடை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். மற்ற மாதங்களில் மீன்வளத் துறையின் அன்றாட அனுமதிச் சீட்டு வேண்டும்.

பூச்சிகளை நானே கட்டுகிறேன். ஆற்றில் ஒரு கல்லைப் புரட்டினால் மணல்துகளால் கூடு கட்டிக்கொண்ட புழுக்கள் ஒட்டியிருக்கும், மீன் பெரும்பாலும் தின்பது அதைத்தான். ஐ.என்.ஏ. மார்க்கெட் கோழிக்கடையில் இறகு கேட்டு வாங்குவேன். கடைக்காரர் சூனியத்துக்கா என்று ஒரு தரம் கேட்டார். அந்த இறகு மூழ்கும் பூச்சிக்குச் சரி, மிதக்கும் பூச்சிக்கு ஆகாது, மிருதுவாக இருப்பதால் தண்ணீர் குடித்துவிடும். மயிற்பீலி இழையை உடம்பில் சுற்றி, தலையில் ஒரு பித்தளை மணி கோத்த பூச்சிதான் எனக்குக் கிடைத்த மீன்களில் பாதிக்கு மேல் கொண்டுவந்தது. முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் செதிலை இடுக்கியால் நசுக்கிவிடுவேன், மீனை விடுவிப்பது சுலபம். கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொடுவேன்.

பதினான்கு பயணத்தில் மூன்று பயணம் ஒரு மீன்கூட இல்லாமல் திரும்பினேன். கிடைத்ததில் பெரியது பதினாறு அங்குலம். மாமனாரிடம் படத்தைக் காட்டினால், "டிரவுட்டுக்கு ஏன் மாப்பிள்ளை இமயமலை? நம்ம ஊட்டியிலேயே இருக்கே" என்கிறார். தப்பில்லை, அவலாஞ்சியில் 1907-லேயே டிரவுட் பொரிப்பகம் வைத்துவிட்டார்கள். இங்கேயும் அதே கதைதான், வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட மீன். மண்ணின் மீன் பாறைப் பாசியைச் சுரண்டித் தின்னும் பனிக்கெண்டை வகை, அது என் பூச்சியைச் சட்டை செய்வதே இல்லை. பாபநாசம் படித்துறையில் பொரி வாங்கிப் போட்டு மீனைக் கும்பிட்ட பழக்கமோ என்னவோ, பனிக்கெண்டை ஒன்று காலருகே வந்தால் ராடை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

2023 ஜூலையில் இமாசலத்தைப் புரட்டிய வெள்ளத்துக்குப் பிறகு, அக்டோபரில் போனேன். தில்லியிலிருந்து இரவு பஸ், விடிகாலையில் சுரங்கப்பாதைக்கு முன்னால் ஔட்டில் இறங்கி, பஞ்ஜார் வழியாக ஜீப். ஆறு வருடம் பழகிய மடுக்கள் பல காணவில்லை. நான் விழுந்த பாறையும் இல்லை. வழிகாட்டிப் பையன், இப்போது அவனுக்கு ஒரு குழந்தை, புதிய பாறைகளை ஒவ்வொன்றாகக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டே முன்னால் போனான். புதிதாக உருண்டுவந்த பாறையில் பாசி இல்லை, வழுக்காது, ஆனால் மிதித்தால் ஆடும். அந்தப் பயணத்தில் இரண்டே மீன்தான், ஒரு முறைகூட விழவில்லை.

ராடைப் பற்றி இவ்வளவு குறைவாகச் சொல்கிறேனே என்றால், சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. இணைப்புகளில் வருடம் ஒரு தரம் மெழுகுவத்தி தேய்க்கிறேன், லைனைச் சோப்பு நீரில் துடைக்கிறேன். 2021-இல் குழாயில் போடாமல் பஸ் டிக்கியில் வைத்து நுனியை முறித்தேன், குற்றம் என்னுடையது. இன்று வாங்குவதாக இருந்தால் பாதி விலையில், எட்டு அடியில், நான்காம் எண் வாங்குவேன். மீதிப் பணம் பூட்ஸுக்கு.

ஆணி பூட்ஸ் இப்போது பால்கனியில் இல்லை, கூலர் ஓடும் அறையில், கட்டிலுக்கு அடியில். வீட்டில் மீன் நாற்றம் என்று புகார். மார்ச் இரண்டாம் வாரத்துக்கு டிக்கெட் போட்டாயிற்று. வலது பூட்ஸில் நாலு ஆணி தேய்ந்திருக்கிறது, அதை மட்டும் மாற்ற வேண்டும்.