டிரம் வைண்டிங்கா, பிரிசிஷன் வைண்டிங்கா?

பாபின்ல நூல் சுத்துற மெஷினை மாத்தணும்னு நினைக்கிறவங்க முதல்ல இதை முடிவு பண்ணணும். டிரம் வைண்டிங்ல டிரம்தான் பேக்கேஜை (நூல் சுத்தின பாபினை) உரசி ஓட்டுது, அதனால விட்டம் எவ்ளோ பெருசானாலும் நூல் வேகமும், நூல் சாஞ்சு விழுற கோணமும் பெருசா மாறாது, பராமரிப்பும் ஈஸி. ஆனா விட்டம் ஏற ஏற நூல் பேக்கேஜோட ஒரு முனையில இருந்து மறுமுனைக்கு ஒரு தடவை போய் வர்றதுக்குள்ள விழுற சுத்து குறைஞ்சுகிட்டே வரும், அது 4, 3, 2னு முழு எண்ணைத் தொடுறப்போ நூல் மேலயே நூல் விழுந்து ரிப்பன் கட்டிடும். பேக்கேஜை வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க, பளபளன்னு பட்டை தெரியும், கட்டைவிரலால அமுக்குனா அங்க மட்டும் கல்லு மாதிரி இருக்கும். சாயம் சரியா இறங்காது, பிரிக்கிறப்போ கொத்தா கழண்டு அறுந்துடும், பாக்கவே மனசு வலிக்கும். இன்வெர்ட்டர் (மோட்டார் வேகத்தை மாத்துற கருவி) வச்சு டிரம் வேகத்தை ஏத்தி இறக்கினா ரிப்பன் குறையும், முழுசா போகாது.

பிரிசிஷன்ல பேக்கேஜ் மாட்டியிருக்கிற ஸ்பிண்டிலே (தண்டே) நேரா ஓட்டும், டிராவர்ஸும் (நூலை இப்படியும் அப்படியும் நகர்த்துற பாகம்) அதோட சேந்தே ஓடும், அதனால சுத்து விகிதம் (ஒரு தடவை போய் வர்றதுக்குள்ள விழுற சுத்து) மாறாது, சரியா செட் பண்ணிட்டா ரிப்பன் வராது. விட்டம் ஏறினா கோணம்தான் குறையும், அதனால ரொம்ப பெரிய பேக்கேஜுக்கு ஒத்துவராது.

சாயம் போடுற நூல்னா நான் ஸ்டெப் பிரிசிஷனைத்தான் சொல்வேன், விகிதத்தைப் படிப்படியா மாத்தி கோணத்தையும் காப்பாத்திடும்.