ஐயாயிரத்துக்குள் சிவப்பு வைன், லீக்ஸ் வறை, தேங்காய் ரொட்டி

போன வாரம் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து பழைய சிநேகிதி ஒருத்தி போன் பண்ணினாள். "நீ சொன்னாய் என்று ஒரு சிவப்பு வைன் போத்தல் வாங்கினேன், இருமல் மருந்தில் கொச்சிக்காயை அரைத்துவிட்ட மாதிரி இருக்கிறது, இதையாடி மூன்று வருடமாகக் குடிக்கிறாய்? இனியும் வாங்கலாமா?" என்று ஒரே சத்தம். விசாரித்தால், போத்தலை அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் நிறுத்திவைத்து, எண்ணெய் மிதக்கிற உறைப்பான ஆட்டிறைச்சிக் கறியோடு குடித்திருக்கிறாள். இரண்டுமே தப்பு. ஆனால் முழுப் பழியையும் அவள் மேல் போடவும் எனக்கு மனமில்லை, நானும் முதல் ஆறு மாதம் இப்படித்தான் காசை வாயில் ஊற்றிக் கொப்பளித்தேன். போனில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வைன் என்றால் என்ன, எப்படிச் செய்வது என்பதெல்லாம் இங்கே கிடையாது. இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கு மேலே ஒரு வாடகை வீடு, நான் பள்ளிக்கூட ஆசிரியை, இவர் தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கர், கொழுந்து தேயிலையாவதைப் பார்த்துக்கொள்கிறவர், கூட என் அம்மா. சனிக்கிழமை இரவுகளில் ஒரு போத்தல் திறப்போம், அது திங்கள் வரை வரும். விலை 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். 2022 மார்ச்சில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360ஐத் தொட்டதே, அதற்கப்புறம் இந்தச் சட்டத்துக்குள் வருகிற போத்தல்கள் கொஞ்சம்தான். சிலி நாட்டு வைன்களும் சில ஆஸ்திரேலிய வைன்களும் வரும். பிரான்ஸ், இத்தாலி என்று போட்டு இந்த விலையில் கிடைத்தவை எனக்கு ஒன்றும் சரிவரவில்லை.

முதலில் குளிரைச் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் எதிர்பார்க்காத சந்தோஷம் அதுதான். சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் குடி என்று எல்லோரும் சொல்வார்கள். அது எந்த அறை? சூடேற்றும் வசதி வருவதற்கு முந்தைய ஐரோப்பிய வீட்டு அறை. 16, 17 பாகை. இவர் தொழிற்சாலையில் கழித்துப் போட்ட ஒரு வெப்பமானியைக் கொண்டுவந்து குசினிச் சுவரில் மாட்டியிருக்கிறார், ஜனவரி இரவு எட்டு மணிக்கு அது 16 காட்டும். நுவரெலியாப் பக்கம் துகள் பனி கொட்டுகிற நாட்களில் இன்னும் இறங்கும், அப்போது கிளாஸை இரண்டு கையாலும் பொத்திக் கொஞ்சம் சூடாக்கிக் குடிப்பேன். காசு கொடுத்து எதையும் வாங்காமல், எந்தப் பெட்டியும் இல்லாமல், எங்கள் குசினி அலமாரியே வைனுக்கு அளவெடுத்துக் கட்டியது மாதிரி இருக்கிறது. ஈரத்தால் உப்பும் சீனியும் கரைகிற, துணி நான்கு நாளானாலும் காயாத இந்த வீட்டைப் பற்றி நான் சொல்கிற ஒரே நல்ல வார்த்தை இது. கொழும்பில் 30 பாகையில் வைத்தால் சாராய வாடைதான் முதலில் மூக்கில் ஏறும், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அங்கே இருக்கிறவர்கள் குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் அந்தத் துவர்ப்பு. முதல் போத்தல் கபர்னே சோவினியோன் என்ற திராட்சையில் செய்தது. இவர் தொழிற்சாலையில் தேத்தண்ணி பார்க்கிற மாதிரியே சர்ரென்று உறிஞ்சி, வாயெல்லாம் சுழற்றி, துப்ப இடமில்லாமல் விழுங்கிவிட்டு, "சாயம் நல்ல அழுத்தம், ஆனால் பிளாஸ்கில் மறந்துபோன பிளேன்டி" என்றார். நான் சிரித்தேன், ஆனால் யோசித்தால் அது வெறும் பகிடியில்லை. இரண்டிலும் வாயை இறுக்கிப் பிடிப்பது ஒரே சங்கதிதான், எச்சிலில் இருக்கிற புரதத்தைப் போய்ப் பிடித்துக்கொள்கிற துவர்ப்புச் சத்து. பிளேன்டி கடிக்கும், அதிலேயே பால் விட்டால் கடிக்காது, ஏனென்றால் துவர்ப்பு பாலின் புரதத்தோடு போய்விடுகிறது. அப்படியானால் வைனுக்கு எது பால்? எங்களுக்கு அது முதல் பாலில் வைத்த கறி. கெட்டித் தேங்காய்ப் பால் விட்ட பருப்பு ஒரு வாய், வைன் ஒரு மிடறு. அந்த இறுக்கம் கழன்று, உள்ளேயிருந்த பழ ருசி வெளியே வந்தது. அதற்கு முன்பு அந்த வைனில் பழம் இருந்ததே எனக்குத் தெரியாது.

அம்மா ஒரே ஒரு தடவை நாக்கில் வைத்துப் பார்த்தாள். "ஆறிப்போன சாயத்தண்ணிக்கா இவ்வளவு காசு?" அத்தோடு சரி.

மூன்று வருடத்தில் நான் கண்டுபிடித்ததில் பெருமைப்படக்கூடியது ஒன்றுதான், லீக்ஸும் கார்மனேரும். கார்மனேர் ஒரு திராட்சை வகை. பிரான்சின் போர்தோப் பக்கத்துக் கொடி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே வேரைத் தின்கிற பூச்சி வந்து தோட்டம் தோட்டமாக அழிந்தபோது இதுவும் போய்விட்டது என்றுதான் நினைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு முன்பே சிலிக்குப் போன கொடிகள் அங்கே மெர்லோ என்ற இன்னொரு திராட்சையின் பெயரிலேயே வளர்ந்திருக்கின்றன. 1994 இல் ழான் மிஷேல் பூர்சிக்கோ என்ற பிரெஞ்சு நிபுணர் போய்ப் பார்த்து, இது மெர்லோ இல்லை, நாங்கள் தொலைத்த கார்மனேர் என்றாராம். இந்தக் கதையை நான் வீட்டில் சொன்னபோது, முப்பத்திரண்டு வருடம் கொழுந்தெடுத்த அம்மாவுக்கு ஆச்சரியமே இல்லை, கோபம்தான். "விதைத் தேயிலைக்கும் தண்டு வெட்டி நட்ட வீ.பி. தேயிலைக்கும் வித்தியாசம் தெரியாதவன் எல்லாம் என்ன தோட்டம் நடத்தினான்? பழம் பறித்த பொம்பளைகளைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள்."

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கார்மனேரில் கறிமிளகாயை நறுக்கும்போது வருகிற பச்சை வாடை ஒன்று இருக்கும். கறிமிளகாயில் இருக்கிற அதே வாசனைச் சத்துதான் அந்தத் திராட்சைத் தோலிலும் இருக்கிறது. சிலருக்கு அது பிடிக்காது, பழுக்காத வைன் என்பார்கள். லீக்ஸை மெல்லியதாக அரிந்து, வெங்காயம், கறிவேப்பிலை, கொஞ்சம் மாசித்தூள் போட்டு வதக்கி, கடைசியில் தேங்காய்ப்பூ தூவி இறக்குங்கள். கொச்சிக்காய் வேண்டாம், மஞ்சள் ஒரு சிட்டிகை போதும். பக்கத்தில் தோட்டத்துத் தடித்த தேங்காய் ரொட்டி, ஓரம் கொஞ்சம் கருகியிருக்கவேண்டும். வைனின் பச்சை வாடையும் லீக்ஸின் பச்சை இனிப்பும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கிற மாதிரி ஒரு நிமிடம் வரும், அந்த நிமிடத்துக்காகத்தான் நான் இன்னும் இதை விடாமல் இருக்கிறேன். கருகின ரொட்டியின் கசப்பையும் அது தாங்கும். போஞ்சிப் பிரட்டலோடும் பரவாயில்லை, ஆனால் லீக்ஸ் மாதிரி வராது.

இரண்டாவது இடம் மிளகுக் கோழிக்கும் ஷிராஸ் என்ற திராட்சை வைனுக்கும். சில ஷிராஸில் மிளகு வாசம் அடிக்கும். அது வெறும் வர்ணனையில்லை, மிளகில் இருக்கிற ரொட்டண்டோன் என்கிற சத்தே அதிலும் இருக்கிறது என்று 2008 இல் ஆஸ்திரேலியாவில் கண்டுபிடித்தார்கள். இங்கே இன்னொன்றும் சொல்லவேண்டும். கொச்சிக்காய் உறைப்பும் சாராயமும் ஒன்றையொன்று ஏற்றிவிடும், துவர்ப்பு அதற்கு மேல் நின்று ஆடும். என் சிநேகிதியின் இருமல் மருந்து இதுதான். உறைப்பு வேண்டும் என்றால் மிளகுக்கு மாறுங்கள், மிளகின் காரம் வைனோடு சண்டைக்குப் போகாது. சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் கொச்சிக்காய் இடித்த கட்ட சம்பலுக்கு லீவு. அதற்கே இவர் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

தோற்றதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. டின் மீன் கறியோடு சிவப்பு வைன் குடித்தால் துருப்பிடித்த ஆணியை நக்கின மாதிரி இருக்கும். வைனில் இருக்கிற இரும்பு மீன் கொழுப்போடு சேர்ந்து செய்கிற வேலை அது. கருவாட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மாசித்தூள் மட்டும் எப்படியோ தப்பிக்கிறது, கொஞ்சமாகப் போடுவதால் இருக்கலாம். சோயா மீற் பிரட்டல் நான் நினைத்ததைவிட நன்றாகவே போனது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. திங்கட்கிழமை மிச்சம் புளிக்கத் தொடங்கியிருக்கும், அதில் ஒரு கோப்பையைக் கோழி ஊறவைக்க வினாகிரிக்குப் பதிலாகப் போட்டுவிடுவேன்.

இவ்வளவும் நல்லதுதான். இனி என் வயிற்றெரிச்சல். மூன்று வருடமாக நான் ருசி பார்க்கிற இந்தச் சாமானை என் கையால் என் ஊரில் ஒரு தடவைகூட வாங்கியதில்லை.

வைன் ஸ்டோர் என்று போர்டு போட்டிருப்பார்கள். உள்ளே வைன் இருப்பது மேல் தட்டில், தூசி படிந்து, நின்றபடி. முழுக் கடையும் சாராயம். இரும்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் வரிசை, அந்தப் பக்கம் ஒரு பையன். ஒரு நாள் துணிந்து போனேன். வரிசையில் நின்றவர்களில் ஒருவர் என் வகுப்புப் பிள்ளையின் அப்பா, அவர் கால் போத்தலைச் சாரத்துக்குள் ஒளித்துக்கொண்டு எனக்கு வணக்கம் சொன்னார். கம்பிக்குப் பின்னாலிருந்த பையன் மரியாதையாகத்தான் சொன்னான், "டீச்சர், சாரை அனுப்புங்க." பெண்களுக்கு மதுபானம் விற்கக் கூடாது என்ற விதி 1979 இல் வந்தது. 2018 ஜனவரியில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை எடுத்துவிட்டதாக அறிவித்தார், சில நாளிலேயே ஜனாதிபதி அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறச் சொல்லிவிட்டார். கொழும்பு சூப்பர் மார்க்கெட்டில் என் சிநேகிதி தக்காளியோடு சேர்த்துக் கூடையில் போட்டுக்கொண்டு வருகிறாள், யாரும் கேட்பதில்லை. அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எனக்கு அந்தப் பையனின் மரியாதையான குரல் இன்னும் காதில் இருக்கிறது.

ஆகவே இவர் போவார். தேயிலையில் தூசு அளவு வித்தியாசத்தைச் சொல்கிற மனுஷனுக்கு வைன் போத்தலில் படம்தான் கண்ணில் படும். கார்மனேர் என்று கடதாசியில் எழுதிக் கொடுத்தால், "அது இல்லையாம், இதுவும் சிவப்புத்தான்" என்று இனிப்பு வைனைத் தூக்கிக்கொண்டு வருவார். கிறிஸ்மஸ் கேக்கோடு வேண்டுமானால் அது சரி, பருப்போடு குடித்தால் வாந்திதான் வரும். போன வருடம் மட்டும் நான்கு போத்தல் இப்படி. கடை பூட்டியிருக்கிற பௌர்ணமி, போயா நாள் என்று மறந்துபோய்க் கடை வாசல்வரை நடந்து திரும்பியதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

காசு விஷயமும் ஒன்று இருக்கிறது. 2021 இல் தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது, 2024 இல் 1,350. அந்த 1,350 வந்த வாரம் நான் வாங்கச் சொன்ன போத்தல் 4,800. மூன்றரை நாள் கொழுந்து. அம்மா வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை, நானே கணக்குப் போட்டேன், அன்று பருப்பும் இறங்கவில்லை. தோட்டத்து லயத்தில் சம்பள நாள் இரவுக் குடி என்றால் என்ன என்று பார்த்து வளர்ந்தவள் நான். சனிக்கிழமை கிளாஸை எடுக்கும்போது அம்மா எழுந்து அறைக்குள் போய்விடுவாள், கோபத்தில் இல்லை, பழக்கத்தில். இதற்கு எந்தக் கறியும் ஈடு செய்யாது.

அப்படியானால் இனியும் வாங்கலாமா என்றுதானே கேட்டாய், வெள்ளவத்தைக்காரியே? வாங்காதே என்பேன். இந்த விலைக்கு இது அதிகம், பத்தில் மூன்று போத்தல் சுமார், உன் வீட்டுச் சூட்டில் அதுவும் வீண். நானும் இந்த மாதத்தோடு நிறுத்தலாம் என்றுதான் இருக்கிறேன்.

ஆனால் ஏப்ரல் லீவுக்கு நீ இங்கே வருவதாகச் சொன்னாயே, அப்படி வந்தால் அந்த சூப்பர் மார்க்கெட்டில் கார்மனேர் இரண்டு போத்தல் உன் கையாலேயே எடுத்துக்கொண்டு வா. பெயரை நன்றாக வாசித்துப் பார், மெர்லோ இல்லை, கார்மனேர், திருகு மூடி போட்டது. காசு நான் தருகிறேன். லீக்ஸ் இங்கே இருக்கிறது.