பச்சை அட்டைக்கு 7,800 ரூபாய்: சென்னையில் சிறு நாடகங்களுக்கும் தனி இசைக்கும் போகிறவர்கள் கவனத்துக்கு

நேற்று மாலை வரை பொறுமையாகத்தான் இருந்தேன். பச்சை அட்டை விற்றவர்களிடமிருந்து வந்த கடைசிப் பதிலைப் படித்த பிறகு கை நடுங்குகிறது. 7,800 ரூபாய். எனக்கு 3,900, அக்காவுக்கு 3,900. யாரென்று பெயரைப் போடப்போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது நடக்கட்டும். நகரத்தின் சிறு அரங்க நிகழ்ச்சிகளுக்கு மொத்தமாக அனுமதி அட்டை விற்கும் ஓர் இணையதளம் என்று மட்டும் சொல்கிறேன். இதில் மாட்டாமல் தப்பிக்கும் வழியையும் கடைசியில் எழுதுகிறேன்.

நான் ஏமாளி இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவன். பதினைந்து வருடங்களாக இந்தப் பக்கம்தான் சுற்றுகிறேன். சபாக் கச்சேரிகளைச் சொல்லவில்லை. தொண்ணூறு நாற்காலி போட்டால் நிறைந்துவிடும் அரங்குகள், சினிமாவுக்கு வெளியே சொந்தமாகப் பாட்டுக் கட்டும் பையன்கள், ஒரே ஒரு விளக்கையும் இரண்டு பெட்டிகளையும் வைத்து ஒன்றரை மணி நேரம் நம்மைக் கட்டிப்போடும் நாடகக் குழுக்கள். கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவை ந. முத்துசாமி தொடங்கிய 1977-இல் நான் பிறக்கவே இல்லை. ஆனால் அங்கே பயின்றவர்கள் நடித்த நாடகங்களைப் பார்த்துத்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. 2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பம் என்ற மீனவக் குப்பத்தில் நடந்த கலை விழாவில் மணலில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற சாதி எதிர்ப்பு இசைக்குழு முதன்முதலாக மேடையேறியபோது கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். அக்கா பள்ளி ஆசிரியை. சனிக்கிழமை மாலையானால் இருவரும் கிளம்பிவிடுவோம்.

இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. அட்டை விற்றவன் என்னைப் பிடித்ததே இந்த இடத்தில்தான்.

எழும்பூர் மியூசியம் தியேட்டரில் ஒரு நாடகம் முடிந்து வெளியே வந்தோம். அந்த அரங்கத்துக்கும் அந்தக் குழுவுக்கும் இந்த விஷயத்தில் எந்தத் தொடர்பும் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாந்தியன் சாலையில் தேநீர் குடித்துக்கொண்டு, இரண்டாம் காட்சியில் அந்தக் கிழவி ஏன் கதவைத் திறக்கவில்லை என்று அக்காவும் நானும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்தில் நின்ற இளைஞன், "நீங்கள் சொல்வதுதான் சரி அக்கா, திறந்திருந்தால் நாடகமே அங்கே முடிந்திருக்கும்" என்றான். நாடகம் பார்த்திருக்கிறான்! இருபத்தைந்து வயது இருக்கும். தோளில் துணிப்பை. அரை மணி நேரம் பேசினோம். எந்தக் குழு ஒத்திகைக்கு இடமில்லாமல் மொட்டைமாடியில் தவிக்கிறது, எந்தப் பாடகி கிட்டாரை அடகு வைத்தாள், எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. பிறகுதான் பையிலிருந்து பச்சை அட்டையை எடுத்தான்.

ஆறு மாதத்தில் 20 நிகழ்ச்சிகள். 11 நாடகம், 9 இசை. கணக்குப் போட்டால் ஒரு நிகழ்ச்சிக்கு 195 ரூபாய். வாசலில் வாங்கினால் முன்னூறோ நானூறோ ஆகும். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், மலிவு என்பதற்காக நான் வாங்கவில்லை. "இதில் முக்கால் பங்கு நேராகக் குழுக்களுக்குப் போகிறது அண்ணா. உங்களைப் போல இருநூறு பேர் முன்பணம் கொடுத்தால் அவர்கள் ஆறு மாதம் மூச்சுவிடலாம்" என்றான். அந்த வார்த்தையில் விழுந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் பார்த்தாளாம், இப்போது சொல்கிறாள். செல்பேசியில் ஸ்கேன் செய்தேன். திரையில் நிறுவனத்தின் பெயருக்குப் பதிலாக ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. பார்த்தேன். பார்த்தும் விரல் 7,800-ஐ அழுத்தியது. அந்த இரண்டு விநாடியை நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் வரவில்லை.

முதல் நிகழ்ச்சி ஆழ்வார்பேட்டையில், ஒரு மாடி அரங்கில். வாசலில் நோட்டும் கைப்பெட்டியுமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது எங்களுடையது இல்லையே அக்கா" என்றாள். எங்களைவிட அவளுக்குத்தான் அதிகக் கூச்சம். நின்றுகொண்டாவது பாருங்கள் என்றாள். அது எப்படி முடியும்? ஆளுக்கு 400 கொடுத்து உள்ளே போனோம். நாடகம் நன்றாக இருந்ததாம், அக்கா சொன்னாள். எனக்கு ஒன்றும் மனதில் பதியவில்லை.

இரண்டாவது, பெசன்ட் நகரில் ஓர் இசை நிகழ்ச்சி. போய்ச் சேர்ந்தால் கேட் பூட்டியிருக்கிறது. "அது போன வாரமே முடிந்துவிட்டது சார்" என்றார் காவலாளி.

பிறகு ஆரம்பித்தது அலைக்கழிப்பு. உதவி எண்ணை அழைத்தால் பதினோரு நிமிடம் காத்திருப்பு இசை. நம் ஊர்க் குழு ஒன்றின் பாட்டு அது, எனக்கு நன்றாகத் தெரியும். அதற்காவது காசு கொடுத்தார்களா? எடுத்த பெண், புகார் எண் தந்து 72 மணி நேரம் என்றாள். 72 மணி நேரம் கழித்து அழைத்தால் வேறொருவர், புகாரே பதிவாகவில்லை என்று புது எண் தந்தார். மின்னஞ்சல் அனுப்பினால், "தங்கள் ஏமாற்றத்தை உணர்கிறோம்" என்று பதில். என் ஏமாற்றத்தை உணர வேண்டாம், என் 7,800-ஐக் கொடுங்கள் என்று எழுதினேன். அனுமதி மறுத்தது குழுவின் தவறு, அவர்களிடமே கேளுங்கள் என்றார்கள்.

கேட்டேன். எனக்குப் பழக்கமான இயக்குநர் ஒருவருக்குப் பேசினேன். அவருடைய நாடகமும் அந்த அட்டையின் பட்டியலில் இருக்கிறது. "விளம்பரம் செய்து தருகிறோம் என்று சுவரொட்டிப் படம் கேட்டார்கள் தம்பி, அனுப்பினேன். அட்டை என்று எதுவும் சொல்லவில்லையே. ஒரு பைசா வரவில்லை" என்றார். ஏழாயிரத்து எண்ணூறு போனதுகூடப் பரவாயில்லை என்று சொல்லிவிடுவேன். அவர் பெயரை வைத்து என் பையில் கைவிட்டிருக்கிறார்களே, அதுதான் வயிறு எரிகிறது.

அந்த இளைஞனுக்கும் அழைத்தேன். முதல் தடவை எடுத்தான். "மேலே பேசிவிட்டேன் அண்ணா, வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும்" என்றான். வெள்ளிக்கிழமை, "திங்கள் அண்ணா" என்றான். திங்கட்கிழமை வாட்ஸ்அப்பில் அவன் படமே காணவில்லை. நாடகத்தைப் பற்றி அவன் பேசியதெல்லாம் பொய்யாக இருக்க முடியாது என்று இன்னும் ஒரு மூலையில் தோன்றுகிறது. வெட்கமாக இருக்கிறது.

நேற்றைய பதில் இதுதான்: விதிமுறைகளின்படி பணம் திரும்பாது, நல்லெண்ணமாக 7,800 'புள்ளிகள்' கணக்கில் வைக்கிறோம், 90 நாளுக்குள் எங்கள் தளத்திலேயே செலவழியுங்கள். அதாவது, இன்னொரு பச்சை அட்டை வாங்கிக்கொள்ளலாம்!

வழி சொல்கிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் கொஞ்சம்தான் வருகிறது. ஸ்கேன் செய்யும்போது தனி ஆள் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். எந்த அட்டையாக இருந்தாலும் பட்டியலில் உள்ள ஒரு குழுவுக்கு ஒரு தடவை போன் செய்துவிட்டு வாங்குங்கள். சின்னக் குழுக்கள், போனை எடுப்பார்கள். நுங்கம்பாக்கத்தில் பிரெஞ்சுப் பண்பாட்டு மையமான அலையான்ஸ் பிரான்சேஸிலும் ஜெர்மன் பண்பாட்டு மையமான மாக்ஸ் முல்லர் பவனிலும் எத்தனையோ நிகழ்ச்சிகளுக்குக் கட்டணமே கிடையாது, அது தெரிந்த நானே அட்டை வாங்கினேன். இணையப் பண மோசடி என்றால் உடனே 1930 என்ற உதவி எண்ணை அழையுங்கள். நான் ஒன்பது நாள் தாமதித்தேன், நீங்கள் அதைச் செய்யாதீர்கள். நுகர்வோர் புகாருக்கு 1915. ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை, நாம் குடியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். குழுவுக்கு உதவ வேண்டுமென்றால் வாசலில் இருக்கும் கைப்பெட்டியில் போடுங்கள்.

இன்னொன்று. புகாரோடு இணைப்பதற்காக இரண்டு அட்டைகளையும் நேற்று இரவு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தபோதுதான் அக்கா கவனித்தாள். இரண்டிலும் ஒரே எண், 0417. உங்களிடம் பச்சை அட்டை இருந்தால் எடுத்து எண்ணைப் பாருங்கள். அதே எண் என்றால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.