'200 வாட்ஸ்' 5200–1943 போர்டு: கையில் வருவது 90

கோவை காந்திபுரம் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கம்பெனிப் பெயரே இல்லாமல் விற்கும் மோனோ ஆம்ப்ளிஃபயர் போர்டு இது. அவுட்புட்டில் ஒரு ஜோடி டிரான்சிஸ்டர்: 5200, 1943. ஓரத்தில் '200 வாட்ஸ்' என்று அச்சு. 24-0-24, 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மரில் 4 ஓம் லோடுக்கு 91 வாட்ஸ் கொடுத்தது. 90 வாட்ஸ் போர்டு என்று எண்ணி வாங்கினால் விலைக்கு மோசமில்லை. ஒரு கோளாறு மட்டும் இருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் ஓட்டக் கூடாது.

முதலில் கணக்கு. லோடு இல்லாதபோது பிளஸ், மைனஸ் இரு பக்கமும் தலா 33 வோல்ட் டிசி. முழு லோடில் 30-க்கு இறங்குகிறது. டிரான்சிஸ்டரும் எமிட்டர் ரெசிஸ்டரும் 3 வோல்ட் தின்றது போக உச்சம் 27. அதை 1.414-ஆல் வகுத்தால் 19.1 ஆர்எம்எஸ், அதாவது ஏசி மீட்டர் காட்டும் வோல்ட். 19.1 × 19.1 ÷ 4 = 91 வாட்ஸ். வகுக்காமல் உச்சத்தையே வைத்து 27 × 27 ÷ 4 போட்டால் 182 வரும். அச்சில் உள்ள 200 அந்த வழியில் வந்ததாகத்தான் இருக்கும்.

சோதிக்க ஸ்பீக்கரைப் பலி கொடுக்க வேண்டாங்க. 1000 வாட்ஸ் ஹீட்டர் ஸ்பிரிங்கில் 4 ஓம் அளவுக்கு வெட்டி, வாளித் தண்ணீரில் முழுக முக்கி வைத்தால் போதும். உள்ளே கொடுக்கும் டோன் 200 ஹெர்ட்ஸ் வையுங்கள். மலிவு மீட்டர்கள் 1000 ஹெர்ட்ஸில் குறைத்துக் காட்டும்.

இரு பக்கமும் தலா 2.15 ஆம்பியர், 30 வோல்ட்: உள்ளே போவது 129 வாட்ஸ். வெளியே 91. எஃபிஷியன்சி 70 சதவீதம் சொச்சம். இந்த வகை ஆம்ப்ளிஃபயரான கிளாஸ் பி-யின் ஏட்டுக் கணக்கு உச்சமே 78.5 என்பதால் இது நல்ல எண்தான். மீதி 38 வாட்ஸ் சூடு. ஆனால் அதிகச் சூடு முழு வால்யூமில் இல்லை, பாதி பவரில்: சுமார் 45 வாட்ஸ். கூடவே கொடுக்கும் உள்ளங்கை அளவு ஹீட்சிங்க் அதற்குக் காணாது.

கோளாறு இதுதான்: பயஸை, அதாவது பாட்டு இல்லாதபோதும் அவுட்புட்டில் ஓடும் கரண்டை, பார்க்கும் சின்ன டிரான்சிஸ்டர் பிடி139 ஹீட்சிங்கைத் தொடாமல் காற்றில் நிற்கிறது. அவுட்புட் சூடானது அதற்குத் தெரியாது. 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரில் குளிர்ந்த நிலையில் 9 மில்லிவோல்ட், அதாவது 40 மில்லி ஆம்பியர். அரை மணி ஓட்டிப் பாட்டை நிறுத்திப் பார்த்தால் 40 மில்லிவோல்ட், 180 மில்லி ஆம்பியர்! அப்படியே விட்டால் ஜோடியே போய்விடும். பிடி139-ஐக் கழற்றி, மூன்று குட்டை ஒயரில் நீட்டி, மைக்கா வைத்து ஹீட்சிங்கில் திருகுங்கள். மைக்கா கட்டாயம், அதன் உலோக முதுகு கலெக்டர்.

போர்டில் வருவது ஒரிஜினல் 5200-ஆ என்று கேட்க வேண்டாம். அந்த விலைக்கு ஒரிஜினல் ஜோடியே வராது.

நோம்பிக்கு (திருவிழாவுக்கு) ஊருக்குள் ஸ்பீக்கர் கட்டுகிறவர்களுக்கு: சீரியல் செட் எல்லாம் எரியும் நேரம் லைன் 200 வோல்ட்டுக்கு இறங்கினால் இதே போர்டு 66 வாட்ஸ்தான் தரும். ஸ்டீரியோவுக்கு இரண்டு போர்டு போட்டால் டிரான்ஸ்ஃபார்மரும் இரண்டு வேண்டும்.