ஸ்டெர்லிங்: விண்மீனா, பறவையா, எடையா?

பவுண்ட் ஸ்டெர்லிங் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஸ்டெர்லிங் என்பது முதலில் ஒரு தனி நாணயம். 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மானியர் காலத்து வெள்ளிப் பென்னி. சுமார் 2 செ.மீ. அகலம், 1.4 கிராம் எடை. ஒரு பக்கம் அரசர் முகம், மறுபக்கம் சிலுவை. இப்படி 240 சேர்ந்தால் ஒரு பவுண்ட். நம் வீட்டு நகைக்கணக்கில் வரும் பவுன் என்ற சொல்லும் அந்தப் பவுண்டிலிருந்து வந்ததுதான்.

சரி, ஸ்டெர்லிங் என்ற பெயர் எப்படி வந்தது?

கிழக்கிலிருந்து வந்த ஜெர்மன் வணிகர்களான 'ஈஸ்டர்லிங்' பெயரால் வந்தது என்று 1300 வாக்கில் வால்டர் டி பிஞ்ச்பெக் என்பவர் எழுதினார். இது நிற்காது. நாணயத்தின் பெயர் 11ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே புழங்கிவிட்டது. அந்த வணிகர்கள் லண்டனில் காலூன்றியது பிறகு. தவிர, 'ஈஸ்டர்லிங்' என்பதில் அழுத்திச் சொல்லும் முதல் அசையான 'ஈ' அவ்வளவு எளிதில் உதிராது.

எட்வர்ட் அரசரின் (1042–1066) ஒரு காசில் சிலுவையைச் சுற்றி நான்கு பறவைகள் உண்டு. அவை மைனாவுக்கு உறவான 'ஸ்டார்லிங்' என்பது அடுத்த விளக்கம். அழகான யோசனை, அவ்வளவுதான்.

பல அகராதிகள் நிற்பது விண்மீன் பக்கம். 'ஸ்டியோரா' பழைய ஆங்கிலத்தில் விண்மீன். 'லிங்' சேர்ந்தால் குட்டி விண்மீன். முதல் நார்மானிய அரசரான முதலாம் வில்லியம் காசு ஒன்றில் அரசர் முகத்தின் இருபுறமும் விண்மீன்கள் இருப்பது உண்மை. ஆனால் அவர் வெளியிட்ட எட்டு வகைகளில் அது ஒன்றே ஒன்று. இரண்டு மூன்று வருடத்துக்கொரு முறை முத்திரையை மாற்றிய காலத்தில், ஒரு முத்திரையின் பெயர் எல்லாக் காசுக்கும் எப்படி ஒட்டியிருக்கும்?

நாணயவியலாளர் பிலிப் கிரியர்சன் கேட்டது இதைத்தான். 'ஸ்டெர்' என்றால் உறுதியானது, எடை நிலைத்தது என்றார் அவர். பைசாந்திய (கிழக்கு ரோமப்) பேரரசின் தங்கக் காசுக்கு 'சாலிடஸ்', அதாவது திடமானது, என்று பெயர் இருந்ததையும் காட்டினார். ஊகம்தான் என்றாலும் என் ஓட்டு இதற்கே. முத்திரை மாறினாலும் எடை மாறாததே வில்லியம் காசின் பெருமை. வாங்குபவர் தராசில் பார்த்ததும் அதைத்தான். தரம் குறைந்தால் தண்டனையும் கடுமைதான்: 1124 கிறிஸ்துமஸுக்கு வில்லியமின் மகன் முதலாம் ஹென்றி காசடிப்பவர்களை வின்செஸ்டருக்கு வரவழைத்து, மட்டக் காசு அடித்த குற்றத்துக்காக வலது கையை வெட்டச் செய்தார்.