ஓவியருக்கு இணையதளம்: ஆள் வைத்துச் செய்வதா, தானே செய்வதா?

கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமியில் கண்காட்சித் திறப்பு என்றால், குத்துவிளக்கு ஏற்றி முடித்து டீ கைக்கு வந்ததும் ஓவியர்கள் பேசுவது ஓவியத்தைப் பற்றி இருக்காது. பிரேம் போடுகிறவர் ஏற்றிய விலை, கேலரிக் கமிஷன், அதற்கடுத்து வெப்சைட். "நல்ல ஆள் யாராவது இருந்தா சொல்லுங்க சார், வெப்சைட் ஒண்ணு பண்ணணும்" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "ஆளு எதுக்குங்க? எங்க பொண்ணு ஒரு சாயந்தரத்துல பண்ணிட்டா" என்பார் பக்கத்தில் நிற்பவர். ஓவியங்களைப் படம் எடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. அதனால் இரண்டு வகைத் தளங்களின் உள்ளேயும் போய்ப் பார்க்கிற வாய்ப்பு எனக்குக் கிடைக்கிறது. இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது.

இன்ஸ்டாகிராம் போதாதா என்பவர்களுக்கு ஒரு வரி. பத்து வருடத்துக்கு முன் வரைந்த வரிசையை ஒரு கியூரேட்டர், அதாவது கண்காட்சிக்கு ஓவியம் தேர்ந்தெடுப்பவர், கேட்டால் அங்கே விரலால் தள்ளித் தள்ளித்தான் தேட வேண்டும். தலைப்பு, ஆண்டு, மீடியம், அளவு நான்கும் ஓரிடத்தில் கிடைக்காது.

ஒப்பிட உட்காருகிறவர்கள் பெரும்பாலும் விலையையும் அழகையும்தான் எடைபோடுகிறார்கள். நான் கேட்கும் கேள்வி வேறு. நேற்று முடித்த ஓவியம் இன்று தளத்தில் ஏற வேண்டுமென்றால் யாருக்குப் போன் போட வேண்டும்? யாருக்கும் வேண்டாம் என்றால் அது நல்ல தளம், டிசைனர் செய்ததோ, நீங்களே செய்ததோ.

ஆள் வைத்தால்

சென்னையில் பத்தாயிரத்துக்கும் ஆள் கிடைப்பார், ஒரு லட்சம் கேட்கும் கம்பெனியும் உண்டு. ஜிஎஸ்டி பதிவு உள்ள கம்பெனி என்றால் பில்லில் 18 சதவீதம் கூடும். இந்த இரண்டு முனைக்கும் நடுவே கிடைப்பது பெரும்பாலும் ஒரே பொருள்தான்: தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ், அதன் மேல் விலைக்கு வாங்கிய ஒரு தீம், அதாவது ஆயத்த வடிவமைப்பு. வேர்ட்பிரஸ் 2003இல் வந்தது, இலவசம், திறமூலம். ஆக நீங்கள் கொடுக்கும் காசு மென்பொருளுக்கு இல்லை, அந்த ஆளின் நேரத்துக்கும் கண்ணுக்கும். அதில் தப்பே கிடையாது. அந்தக் கண் எதைப் பார்த்துப் பழகியது என்பதுதான் சிக்கல்.

நகைக்கடை, ரியல் எஸ்டேட், மெட்ரிக் பள்ளி என்று செய்து பழகியவரிடம் போனால் உங்கள் முகப்புப் பக்கத்திலும் படங்கள் வலமிருந்து இடமாக ஓடும். "எங்கள் நோக்கம்", "எங்கள் தொலைநோக்கு" என்று இரண்டு பெட்டி இருக்கும். (ஓவியருக்குத் தொலைநோக்கு எதற்கு என்று கேட்டுப் பாருங்கள், "எல்லா சைட்லயும் இருக்கும் சார்" என்று பதில் வரும்.) இதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். ஓவியத்தை வெட்டுவதைச் சகிக்க முடியாது. பெரும்பாலான தீம்கள் எல்லாப் படத்தையும் ஒரே அளவுச் சதுரமாகவோ அகலப் பட்டையாகவோ வெட்டித்தான் காட்டும். ஆறடி உயர நெடுக்குவாட்டு ஓவியத்தில் தலையும் போய்விடும், காலும் போய்விடும். வேர்ட்பிரஸ் தானாக உண்டாக்கும் சிறுபடமும் 150 பிக்சல் சதுரமாக வெட்டியதுதான். அமைப்பில் அதை மாற்றலாம். ஆனால் மாற்ற வேண்டும் என்று உறைக்கிற ஆள் வேண்டும். டிசைனரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் காட்டும் மாதிரித் தளங்களில் ஓவியரோ சிற்பியோ புகைப்படக்காரரோ ஒருவராவது இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால், பேச்சு எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் யோசியுங்கள்.

அடுத்தது டொமைன், அதாவது உங்கள் தளத்தின் முகவரிப் பெயர். "அதை நான் பாத்துக்கறேன் மேடம், உங்களுக்கு எதுக்கு அந்தத் தலைவலி?" இந்த ஊரில் ஓவியர்களின் தளங்கள் செத்துப்போனதற்கு நான் கண்ட பெரிய காரணம் இந்த ஒரு வாக்கியம். டிசைனர் தன் கணக்கில், தன் மின்னஞ்சலில் டொமைனைப் பதிவு செய்கிறார். கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காது. பிறகு அவருக்கு ஓஎம்ஆரில் நல்ல வேலை கிடைக்கிறது, நம்பர் மாறுகிறது, புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல் யாரும் திறக்காத பெட்டிக்குப் போகிறது. டாட் காம் பெயர் காலாவதியாகி அழிப்புக்குப் போனால், கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாள் உண்டு. அதுவும் தாண்டினால் சில நாளில் பெயர் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். காலாவதிப் பெயர்களைப் பொறுக்கி வாங்கவே ஆட்கள் இருக்கிறார்கள். முப்பது வருடம் வரைந்தவரின் பெயரைத் தட்டினால் ரம்மி விளம்பரம் வந்து நிற்கும்.

இதற்கு மருந்து சுலபம். டொமைனை உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கார்டில் நீங்களே வாங்குங்கள். டாட் காம், டாட் இன் எதுவானாலும் வருடத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய்தான். டிசைனருக்கு நுழைய அனுமதி மட்டும் கொடுத்தால் போதும். ஏற்கெனவே அவர் பெயரில் இருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே பெயரை மாற்றத் தேவையான ரகசியக் குறியீட்டைக் கேட்டு வாங்கி உங்கள் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பதிவு செய்து 60 நாள் ஆகாத டாட் காம் பெயரை வேறு டொமைன் பதிவு நிறுவனத்துக்குப் பொதுவாக மாற்ற முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

ஏஎம்சி, அதாவது வருடப் பராமரிப்புக் கட்டணம், கேட்டால் ஏமாற்று என்று நினைக்காதீர்கள். வேர்ட்பிரஸையும் அதன் பிளகின் என்னும் துணை நிரல்களையும் புதுப்பிக்காமல் விட்டால் ஓட்டை வழியாக யாராவது நுழைந்து, உங்கள் பெயர்ப் பக்கத்திலிருந்து மாத்திரை விற்கும் கடைக்குத் திருப்பிவிடுவார்கள். ஆனால் அந்த வருடக் கட்டணத்தில் என்னென்ன அடக்கம் என்பதை எழுதி வாங்குங்கள். சிலர் புதுப்பிப்பை மட்டும் செய்வார்கள், படம் ஏற்றத் தனிக்காசு.

எழுதி வாங்குவது என்றதும் இன்னொன்று. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை பார்க்காத, வெளி ஆளாகச் செய்துகொடுக்கும் டிசைனர் எழுதிய நிரலின் உரிமை பொதுவாக அவருடையது. உங்களுக்கு மாற்றித் தர வேண்டுமானால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். அப்படி எழுதும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். ஒரு பக்கத் தாளில் "நிரந்தரமாக, உலகம் முழுவதற்கும்" என்று சேர்த்தால் போதும். ஓவியங்களின் உரிமை உங்களிடமே இருக்கிறது என்று ஒரு வரி கூடவே.

தானே செய்தால்

1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை எழுப்பினார்கள். தன் இடத்தைத் தானே கட்டிக்கொள்வது இந்த ஊர் ஓவியர்களுக்குப் புதிதில்லை. விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ் போன்ற சேவைகளில் பெட்டியை இழுத்துப் போட்டுப் பக்கம் கட்டலாம். ஹோஸ்டிங் (தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் இடம்), பாதுகாப்பு, புதுப்பிப்பு எல்லாம் அவர்கள் தலையில். வருடச் சந்தா சில ஆயிரங்களில் ஆரம்பிக்கும். கூகுள் சைட்ஸ் இலவசம், கொஞ்சம் பள்ளிக்கூட நோட்டு மாதிரி இருக்கும், பத்து ஓவியம் வைத்திருக்கும் புதியவருக்கு அதுவே தாராளம். அடோபி கிரியேட்டிவ் கிளவுட் சந்தா கட்டுகிறவர்களுக்கு அடோபி போர்ட்ஃபோலியோ கூடவே வருகிறது. கட்டிக்கொண்டிருக்கும் பலருக்கே அது தெரியவில்லை.

என் கேள்விக்கு இங்கே பதில் சுலபம்: ஓவியத்தை நீங்களே ஏற்றலாம், விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ் என்றால் போனிலிருந்தே.

இதிலும் பள்ளங்கள் உண்டு. ஒன்று, கார்டு. இந்தியக் கார்டுகளிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் விதிகளை இறுக்கியது. முன்பே ஒப்புதல் பதிவு செய்யாத தொடர் கட்டணம் போய்ச் சேராமல் திரும்பிவிடும். தொகை 15,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். டாலரில் கட்டணம் வாங்கும் வெளிநாட்டுச் சேவைகளில் இது அடிக்கடி தகராறு செய்யும். நீங்கள் தானாகப் போய்விடும் என்று நினைத்திருப்பீர்கள், தளம் மூடிக் கிடக்கும். மாதச் சந்தா வேண்டாம், வருடத்துக்கு ஒரு முறை கையால் கட்டுங்கள், தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

இரண்டு, வெளியேறும் வழி. விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே பெயர்த்து வேறு ஹோஸ்டிங்கில் வைக்க முடியாது. ஸ்கொயர்ஸ்பேஸிலிருந்து ஒரு பகுதியை வேர்ட்பிரஸுக்குக் கொண்டுபோகலாம், வடிவமைப்பு வராது. இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், படங்களும் எழுத்தும் உங்கள் ஹார்டு டிஸ்கில் இருந்தால் சரி. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் காசு கொட்டி, ஃபிளாஷ் என்ற அசைபட மென்பொருளில் தளம் செய்தவர்கள் நிறையப் பேர். திரை விலகும், வீணை ஒலிக்கும், ஓவியம் மெல்ல எழும். ஐபோன் அதைத் திறக்கவே இல்லை. 2020 டிசம்பர் 31உடன் அடோபியும் ஃபிளாஷைக் கைகழுவியது. அதெல்லாம் டிசைனர்கள் செய்த தளங்கள்தான்.

மூன்றாவது பள்ளம் ஓவியருக்கே உரியது. தளத்தையும் வரைய ஆரம்பித்துவிடுவார். கறுப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்து, ஓரத்தில் தன் கோட்டோவியத்தையே பார்டராக. நிறம் தெரிந்த கைக்குப் பக்க அமைப்பும் தெரியும் என்பதில்லை. வெள்ளைச் சுவர் போதும். கண்காட்சியில் சுவருக்குப் பூப்போட்ட பேப்பர் ஒட்டச் சொன்னால் நீங்களே சண்டைக்குப் போவீர்கள்.

தமிழில் வேண்டுமென்றால்

இங்கே டிசைனர் பக்கம் தட்டு கொஞ்சம் தாழ்கிறது, அவர் தமிழ் தெரிந்தவராக இருந்தால். பழைய கேட்டலாக்குகளின் தமிழ் பெரும்பாலும் அச்சகத்து டிடிபி எழுத்துருவில் அடித்தது, எல்லாக் கணினியும் போனும் படிக்கும் யூனிகோடு கிடையாது. அதை எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டும். எழுத்துரு மாற்றும் மென்பொருள் ஒன்றால் யூனிகோடாக்கி, ஒரு முறை உட்கார்ந்து பிழை பார்க்க வேண்டும். ஆயத்தத் தீம்களின் அழகான எழுத்துருக்கள் பலவற்றில் தமிழே இருக்காது. அப்போது போன் தன்னிடம் இருக்கும் ஏதோ ஒன்றைப் போட்டு ஒப்பேற்றும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளி தமிழுக்குப் போதாது, கூட்டச் சொல்லுங்கள். ஒரே பொத்தானில் தமிழும் ஆங்கிலமும் மாற வேண்டும், ஒவ்வொரு ஓவியத்துக்கும் இரண்டு மொழியிலும் குறிப்பு வேண்டும் என்றால், தானே செய்கிறவர் பாதியில் விட்டுவிடுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

விற்பனையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அசல் ஓவியம் கூடையில் போட்டு வாங்கும் பொருளில்லை, பேசித்தான் விற்கும், வாட்ஸ்அப் பொத்தான் ஒன்று போதும். பிரிண்ட்டுகள் விற்பதானால் பேமெண்ட் கேட்வே (தளத்திலேயே பணம் வாங்கும் சேவை), பான், வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு, பணம் திரும்பத் தருவது பற்றிய கொள்கைப் பக்கம் என்று வேலை நீளும். அதற்கு ஆள் வைப்பது தகும்.

படம் எடுப்பது இரண்டு வழிக்கும் பொது. பாரபட்சமாகச் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்: பட்ஜெட் இருபதாயிரம் என்றால் பாதியை இதில் போடுங்கள். தஞ்சாவூர் ஓவியத்தின் தங்க ரேக்கை நேர் வெளிச்சத்தில் எடுத்தால் வெள்ளைத் திட்டாகத்தான் விழும். விளக்கை இருபுறமும் சாய்த்து, விரித்த வெள்ளைத் துணி வழியாக ஒளியைப் பரப்பி எடுக்க வேண்டும். போனில் எடுப்பவர்கள் கிட்டே போகாமல், தள்ளி நின்று இரட்டை ஜூமில் எடுத்தால் ஓரங்கள் வளையாது. மொட்டை மாடி வெயில் வேண்டாம், காலை நேரத்து நிழல் நல்லது. தளத்துக்கு நீளப் பக்கம் 2000 பிக்சல், எஸ்ஆர்ஜிபி நிறவெளி (திரைகளுக்குப் பொதுவான நிற அமைப்பு), சில நூறு கேபி. பெரிய கோப்பை வெளியே கொடுக்காதீர்கள்.

யாருக்கு எது

எழும்பூர் கவின் கலைக் கல்லூரியிலிருந்து இப்போதுதான் வெளியே வந்தவர், ஐம்பதுக்குள் ஓவியங்கள், மாதம் ஒன்று புதிதாக வருகிறது என்றால் தானே செய்யட்டும். டிசைனருக்குக் கொடுக்கும் காசில் கேன்வாஸ் வாங்கலாம்.

வேலை கூடி நேரம் குறைந்தவருக்கு நான் சொல்வது நடுவழி. அமைத்துக் கொடுக்க மட்டும் ஆளை வையுங்கள். பணத்தை மூன்று தவணையாகப் பிரியுங்கள். கடைசித் தவணை நாளில் அவரை எதிரில் உட்காரவைத்து, நீங்களே உங்கள் போனிலிருந்து ஓர் ஓவியத்தை ஏற்றிக் காட்டுங்கள், அவர் கை வைக்கக்கூடாது. ஏறினால் பணம். நல்ல டிசைனர்கள் இந்த நிபந்தனைக்குச் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார்கள். இழுப்பவரிடம் வேலையைக் கொடுக்காமல் இருப்பது உங்களுக்கு லாபம்.

மூத்த ஓவியர், அல்லது மறைந்தவரின் குடும்பத்தார், கையில் நானூறு ஐநூறு ஓவியம் என்றால் யோசிக்காமல் தேர்ந்த ஆளை வையுங்கள். ஆனால் அவரைக் கூப்பிடும் முன் எக்செல் ஒன்று போடுங்கள்: வரிசை எண், தலைப்பு, ஆண்டு, மீடியம், உயரம், அகலம், கையெழுத்து எந்த மூலையில், இப்போது யாரிடம் இருக்கிறது. படக் கோப்பின் பெயரும் அந்த வரிசை எண்ணாகவே இருக்கட்டும். இந்தப் பட்டியல் இல்லாமல் போனால் டிசைனர் உங்கள் வீட்டு வாட்ஸ்அப்பில் வந்த படங்களைக் கொண்டு தளம் செய்வார். பட்டியலை அவருக்கு அனுப்பும்போது "யாரிடம் இருக்கிறது" என்ற பத்தியை நீக்கிவிட்டு நகலை அனுப்புங்கள். வாங்கியவர்களின் பெயரும் விலாசமும் உங்கள் வீட்டுக் கணினியைத் தாண்ட வேண்டியதில்லை.